30 அடிப் பறவை, 14 அடித் தெரு

"தாத்தா, பறவை செய்யப்போறோம்"னு நாலு பேரு திண்ணையில வந்து உக்காந்தானுக. நம்ம தெருப் பயலுகதான். செய்ங்கப்பா, நல்ல காரியம், எத்தனை அடின்னு கேட்டேன். ரெண்டு செறகையும் விரிச்சா முப்பதுன்னான் மூத்தவன். தெரு எத்தனை அடின்னு கேட்டேன். நாலு பேரும் ஒரே நேரத்துல போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்டானுக. ஏலே, தெருவுலதான் உக்காந்திருக்க. எந்திரிச்சுக் காலடி வச்சு அளந்தா முடிஞ்சது சோலி. அதுக்கு எதுக்கு அமெரிக்காக்காரன்கிட்ட கேக்கணும்?

விசயம் இதுதான். சீமையில எங்கயோ ராத்திரி ஊர்வலத்துல, வயித்துக்குள்ள விளக்கெரியிற பெரிய பறவை ஒண்ணைக் கம்புல ஏந்திக்கிட்டு ஆடிக்கிட்டே போறாங்களாம். வீடியோவுல பாத்துட்டானுக. பாத்த நிமிசத்துல இருந்து தூக்கம் போச்சு. வார கோயில் பொங்கலுக்கு முளைப்பாரிக்கு முன்னால அதே மாதிரி ஒண்ணு விடணும், சாமிக்குப் புதுசா ஒரு மரியாதை செய்யணும், நம்ம தளவாய்புரமே வாயைப் பொளக்கணும், பக்கத்து ஊரு முகவூர்க்காரன் வயிறெரியணும். கடைசியாச் சொன்னதுதான் நெசமான காரணம். மத்ததெல்லாம் வசூல் நோட்டுல எழுதுறதுக்கு.

"பிரமாதம்"னு சொல்லிட்டேன். கெழவன் எதையாவது பிரமாதம்னு சொன்னா பயலுகளுக்குச் சந்தேகம் வந்துரும். வந்துச்சு. கிட்ட நகந்து உக்காந்தானுக.

சீமையில அல்வர்ஸ்டன்னு ஒரு ஊரு இருக்கு. 1983-ல இருந்து அங்க காகித விளக்கு ஊர்வலம் நடக்கு. வெல்ஃபேர் ஸ்டேட் இன்டர்நேஷனல்னு ஒரு கூத்துக்காரக் கூட்டம் ஜப்பானுக்குப் போயி, அங்கத்து விளக்குகளைப் பாத்துச் சொக்கிப்போயி, ஊருக்கு வந்து தொடங்கி வச்சது. மூங்கிலுக்குப் பதிலா வில்லோங்கிற மரத்து வெளாறை வளைச்சுக் கட்டி, மேல மெல்லுசுக் காகிதம் ஒட்டி, உள்ள மெழுகுவத்தி. ஆக, சீமைக்காரன் ஜப்பான்காரனைப் பாத்தான். நீங்க சீமைக்காரனைப் பாக்கீக. ராஜபாளையத்துல எறங்கி ஒரு பஸ் மாறுனா, ஏழு பறவை ஒரே ராத்திரியில வீதி வழியாப் போறதைப் பாத்திருக்கலாம். அதை இதுல ஒருத்தனும் பாத்ததில்ல. போன்ல வந்தாத்தானே கண்ணுல படும்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்துல அஞ்சாம் திருநாள் ராத்திரி அஞ்சு கருட சேவை. வடபத்ரசாயி, ரெங்கமன்னார், திருவண்ணாமலை சீனிவாசர், காட்டழகர், திருத்தங்கல் அப்பன், அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு கருடன். ஆண்டாளுக்குப் பெரிய அன்னம், பெரியாழ்வாருக்குச் சின்ன அன்னம். அஞ்சும் ரெண்டும் ஏழு. எல்லாரும் சாமியைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிடுவாங்க. நான் போனா கருடனோட முதுகைத்தான் பாப்பேன். புண்ணியத்துல எனக்கு எப்பவும் பாக்கிதான், போகட்டும். கருடனுக்கு அவ்வளவு பெரிய செறகு இருக்கு, ஆனா வீதியை அடைச்சு விரிச்சிருக்கா? முதுகோட ஒட்டித் தூக்கி நிக்கும். வைகுண்டத்துல இருந்து பறந்து வந்த பறவைக்கே வடக்கு ரத வீதியில அடக்கம் இருக்கு. ஒங்க பறவைக்கு மாத்திரம் முப்பதடி!

இன்னொரு பறவையும் அங்க இருக்கு. ஆண்டாள் கையில கிளி. மரக்கிளி இல்ல, வெள்ளிக்கிளி இல்ல. தெனமும் புதுசாக் கட்டுற இலைக்கிளி. அலகுக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, கண்ணுக்குக் காக்காப்பொன். வாழைநாரும் மூங்கில் குச்சியும் வச்சுக் கட்டுவாங்க. ஒரு கையில அடங்குற கிளிக்கு, தலைமுறை தலைமுறையாச் செய்யுற கைக்கே, தெனம் மணிக்கணக்கா வேலை. நீங்க முப்பதடிப் பறவையை சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடிச்சுருவோம்னு சொல்லுதீக. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டீக, அதையும் கழிச்சுக்கோங்க.

எனக்கும் உங்க வயசுல இந்தப் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு, அதான் சொல்லுதேன். பதினேழு வயசு. அந்தக் கிளியைப் பாத்துட்டு வந்து, இதே மாதிரி எட்டடியில ஒண்ணு கட்டிச் சப்பரத்துல வைக்கணும்னு அஞ்சு பேரு கெளம்புனோம். மூங்கில் பிளாச்சுல கூடு நல்லாத்தான் வந்துச்சு. மரவள்ளி இலைக்கு எங்க போக? கெடைச்ச பூவரச இலை, அகத்தி இலையெல்லாம் கொண்டு மூடுனோம். சாயங்காலம் பாத்தா பச்சைப்பசேல்னு கிளி உக்காந்திருக்கு. பாத்த பொம்பளைங்க குலவை போட்டாங்க. நாங்க நெஞ்சை நிமித்திக்கிட்டுத் தூங்கப் போனோம். தெருவுல எத்தனை வெள்ளாடு இருக்குன்னு அஞ்சு பேருல ஒருத்தனும் எண்ணிப் பாக்கல. விடியக்காலம் வந்து பாத்தா வெறும் எலும்புக்கூடு நிக்கு. ஒரு ஆடு மாத்திரம் அலகுப் பக்கம் இன்னும் மென்னுக்கிட்டு நின்னுச்சு. அடுத்த நாளு ராத்திரி வேற வழியில்லாம அந்தக் கூட்டுக்குள்ளயே ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கிட்டுப் போனோம். தெரு ரெண்டு பக்கமும் சுவத்துல கிளியோட விலா நெழல் எட்டாள் உயரத்துக்கு ஓடுது. சின்னப் பிள்ளைக அலறிச்சு. பெரியவுக எவரும் ஒரு வார்த்தை பேசல. இத்தனை வருசத்துல நான் பாத்ததுல அந்தக் கிளிக்குத்தான் அழகு அதிகம். ஆனா அதை நாங்க செய்யல, ஆடு செஞ்சது.

சரி, வேலைக்கு வருவோம். தோலுக்கு என்ன போடப்போறீகன்னு கேட்டேன். ஆன்லைன்ல ஜப்பான் காகிதம் ஆர்டர் போட்டுருக்காம், இருபது நாள்ல வருமாம். அட பைத்தியக்காரப் பயலே! சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்து நாடு பூராவும் கட்டுப்போடுறான். கை ஒடிஞ்சவனெல்லாம் அந்தத் துணியிலதான் கெடக்கான். அதை எடுத்து வெளக்குக்கு நேரா ஒரு தரம் பிடிச்சுப் பாத்திருக்கியா? சல்லடை மாதிரி இருக்கும், காத்துப் போகும், வெளிச்சம் போகும். அதுமேல மைதாப் பசையைப் பூசிக் காயவிட்டா முரசுத் தோலு மாதிரி விறைச்சு நிக்கும். உள்ள வெளக்கு வச்சா பால் நெறத்துல எரியும். பசை காய்ச்சுறப்ப ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக்கோ, பூச்சி அரிக்காது. மயில்துத்தம் வெசம், கையைக் கழுவாம அடுத்தாப்புல பரோட்டா கடைக்குப் போயிராத. மைதாவுல மிச்சம் பிடிச்சு அங்க போறதுதான் உங்க திட்டம்னு எனக்குத் தெரியும்.

துணியை மேல மூடுறப்ப எல்லா எடத்துலயும் ஒரே கனமா மூடாத. ஒரு மடிப்பு போட்ட எடம் வெளிச்சமா இருக்கும், ரெண்டு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன எடம் மங்கும். கூரை ஓடு வேய்ஞ்ச மாதிரி துண்டு துண்டா ஏத்தி ஒட்டிக்கிட்டே போனா, பெயிண்டே வேண்டாம், வெளிச்சமே எறகு வரைஞ்சு தரும். செறகோட அடிப்பக்கத்துக்கு மாத்திரம் பசை போடாத. வெறும் துணியா விடு. மலையில இருந்து எறங்குற காத்து அதுவழியா வெளிய போயிரும். முழுசா அடைச்சியோ, பறவை நெசமாவே பறந்துரும். தூக்குன நாலு பேரும் சேந்து பறப்பீக, எந்தக் காட்டுலயோ போயிப் பொறுக்கணும்.

அப்ப ஒருத்தன், கண்ணாடி போட்ட பையன், மெதுவாக் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊரு நைட்டித் துணியிலயே பண்ணுனா என்ன? வெட்டுத்துணி சாக்குச் சாக்கா கெடக்குல்லா?" இவன் ஒருத்தந்தான் தேறுவான் போல. தளவாய்புரம்னா நைட்டி. தைக்கிற மிசின் சத்தம் கேக்காத தெரு இல்ல. ஓவர்லாக் அடிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு வளைவு வெட்டுறது தண்ணிபட்ட பாடு. நைட்டிக் கைக்கும் பறவைச் செறகுக்கும் வெட்டுல அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் கெடையாது. ஆனா பூப்போட்ட துணிக்கு உள்ள வெளக்கு எரிஞ்சா பூவெல்லாம் கறுப்புத் திட்டாத்தான் தெரியும். பறவைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். அதனால வெட்டுறதும் தைக்கிறதும் அந்தக் கை. துணி பேண்டேஜ். வெட்டுத்துணியை வாலு ஓரத்துல தொங்கவிடு, கொண்டையில சொருகு. ஃப்ரில் மாத்திரம் வேண்டாம். கருடனுக்கு ஃப்ரில் வச்சு விட்டா பெருமாளே ஏறுறதுக்கு முன்னால ஒரு தரம் யோசிப்பாரு.

கருடனா கழுகான்னு அவனுகளுக்குள்ள இன்னும் தீரல. ஒருத்தன் ஃபீனிக்ஸ்னான். நெருப்புல எரிஞ்சு சாம்பல்ல இருந்து எந்திரிக்கிற பறவையாம். அதுக்கு ஒண்ணும் மெனக்கெட வேண்டாம், நீங்க ஒயர் இழுக்கிற லட்சணத்துக்கு எந்தப் பறவை செஞ்சாலும் ஃபீனிக்ஸ் ஆயிரும்.

ஊரே கூடிப் பறவை செய்யுறவுக மலைக்கு அந்தப்பக்கமும் இருக்காங்க. ஆலப்புழை மாவட்டத்துல, குட்டநாட்டுல நீலம்பேரூர்னு ஒரு ஊரு. ஓணம் முடிஞ்சு பூரத்துக்குப் படையணி. பள்ளி பகவதி கோயிலுக்கு முன்னால ராத்திரியில அன்னம் வரும். வீட்டு உயரம், மாடி வீட்டு உயரம். சட்டத்து மேல வாழைப்பட்டையும் தாமரை இலையும் சுத்தி, செவப்புக்கு வெட்சிப்பூ, அதாம்லே நம்ம இட்லிப்பூ. ஓலைச்சூட்டு வெளிச்சத்துல கொண்டு வருவாங்க. வேண்டுதல் உள்ளவுக வருசா வருசம் புது அன்னம் நேந்து விடுவாங்க, பெருசோட குஞ்சு மாதிரி சின்ன அன்னங்க வரிசையா வரும். அந்த அன்னத்துக்குள்ள ஒரு பல்பு கெடையாது. வெளிச்சம் வெளிய இருந்து அதுமேல விழுது, அது தகதகன்னு நிக்கு. ஒங்களுக்கு வெளிச்சம் உள்ள இருந்து வரணும், அது வேற கணக்கு. ஆனா ஊர்கூடி இலை கிள்ளி, பூக்கோத்து, ஆளுக்கொரு கை போட்டுத்தான் ரெண்டு பறவையும் எந்திரிக்கும். நாலு பேரு கமிட்டியில ஒரு எறகுகூட முளைக்காது. தெருவுல நாப்பது வீடு இருக்கு. வீட்டுக்குப் பத்து எறகு வெட்டித் தரச் சொல்லு. வசூல் தராத வீடுகூட எறகு தரும். பொறவு ராத்திரி முழுக்க "அந்தா, அது நான் வெட்டுனது"ன்னு விரலை நீட்டிக்கிட்டே நடப்பாங்க, ஒங்களுக்குக் கூட்டமும் சேந்தாச்சு.

உபயம் பேரு போடணும்னு பெரிய மனுசங்க கேப்பாங்க. போடு. பறவையோட அடிவயித்துல போடு. தூக்குறவன் மாத்திரந்தான் படிப்பான், பாவம், ரெண்டு மணி நேரம் அவனுக்கும் பொழுது போகணும்லா?

வெளக்கு விசயத்துல சீரியல் செட் போடுவோம், ஓடுற லைட்டு, ஏழு கலருன்னானுக. தாராளமாப் போடு. ஜவுளிக்கடை திறப்பு விழாவுக்குப் பறவை வாடகைக்குப் போகும். கூண்டு நடுவுல போற முதுகுக் கம்பு இருக்குல்லா, அதுல எல்.இ.டி. பட்டையைச் சுத்து. தோலுல ஒட்டாத. வெளக்கு தோலுக்குப் பக்கத்துல வந்தா புள்ளி புள்ளியாத் தெரியும், தள்ளிப்போனா முழுசா நெறையும். மஞ்ச வெளிச்சம் ஒண்ணு போதும். 12 வோல்ட் பட்டை, மீட்டருக்கு அஞ்சு வாட்டுக்குள்ள இழுக்கிற ரகம், அஞ்சு மீட்டர் சுத்துனா 25 வாட்டுக்குள்ள. 7 ஆம்பியர்-ஹவர் யூ.பி.எஸ். பேட்டரி ஒண்ணு, ரெண்டு ரெண்டரைக் கிலோதான் இருக்கும், ரெண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். அதைப் பறவையோட வயித்துல கட்டாம தூக்குறவன் இடுப்புல கட்டு, பறவை லேசாயிரும். ஜெனரேட்டர் வண்டியைப் பின்னால விட்டு நூறடி ஒயரை இழுத்துக்கிட்டு வருவோம்னு ஒருத்தன் சொன்னான். அவனை முளைப்பாரிப் பொம்பளைங்ககிட்ட ஒப்படைக்கணும். ஒயர் தட்டி ஒரு பாரி விழுந்தா அவங்க பாத்துக்கிடுவாங்க.

இப்பச் சொல்லப்போறதுல நையாண்டி கெடையாது. வீதிக்குக் குறுக்க போற சாதாரணக் கரண்டுக் கம்பி தரையில இருந்து 5.8 மீட்டர், அதாவது 19 அடிக்குக் கொறையக் கூடாதுன்னு விதி. கம்பிக்கு விதி படிக்கத் தெரியாது. வெயிலுக்குத் தொங்கும், ரோடு போட்டுப் போட்டுத் தரை ஏறும், ரெண்டும் கூட்டிக் கழிச்சா என்ன மிச்சம்னு கம்பை வச்சு அளந்தாத்தான் தெரியும். அதுவும் காஞ்ச கம்பு, தள்ளி நின்னு, லைன்மேனைக் கூட வச்சுக்கிட்டு. 2022 ஏப்ரல் 27, விடியக்காலம், தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டுல அப்பர் சதய விழாத் தேரு மேல போற உயர்மின் கம்பியில பட்டு 11 பேரு போயிட்டாங்க. பச்சைப் பிள்ளைகளும் அதுல உண்டு. பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்ததுல இருந்து எந்தச் சப்பரம் போனாலும் நான் சாமி முகத்தைப் பாக்கிறதில்ல, உச்சியைத்தான் பாக்கேன்.

ஜப்பான்ல அவோமொரின்னு ஒரு ஊருல ஆகஸ்ட் 2-ல இருந்து 7 வரைக்கும் நெபுதான்னு ஒரு திருவிழா. கம்பிக்கூடு கட்டிக் காகிதம் ஒட்டி உள்ள வெளக்கு வச்ச வீரன், அசுரன், பூதமெல்லாம் வண்டியில வரும். வரைஞ்ச காகிதத்துல உருக்குன மெழுகைப் பூசுவாங்க. மெழுகு பட்ட எடம் கண்ணாடி மாதிரி ஒளிரும், கலரும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. இதை நீயும் பண்ணலாம், நாலு மெழுகுவத்தி செலவு. அந்தப் பூதத்தோட அளவைக் கேளு: அகலம் 9 மீட்டர். உயரம், வண்டியோட சேத்து, 5 மீட்டர். அகலத்துல துள்ளுறான், உயரத்துல பொட்டிப்பாம்பா அடங்குறான். ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

"அப்ப முப்பதடி வேண்டாங்கீகளா?"ன்னு மூத்தவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டான். நான் எங்கடே வேண்டாம்னேன்? எந்திரிச்சு அளந்துட்டு வாங்கன்னு பழைய இஞ்சி டேப்பை எடுத்துக் கொடுத்தேன். நாலு பேரும் போயி அளந்தானுக. சாக்கடைப் பலகை தள்ளி 14 அடி. ஒரு வீட்டு மாடிப்படி ரெண்டடி துருத்திக்கிட்டு நிக்கு, அங்க 12. சாவடி முக்குல 40-க்கு மேல. மந்தையில அளவே இல்ல.

பெறகென்ன? கொக்கு நடந்து போறப்ப செறகை விரிச்சுக்கிட்டா நடக்கு? செறகு பிறக்கிற எடத்துல ஒரு கீலு வையி, பாதியில ஒரு கீலு வையி. பழைய சன்னல் கீலு போதும். ஒரு செறகுக்கு ஒருத்தன், கையில கம்பு. தெருவுல வாரப்ப மடக்கி மார்போட ஒட்டிக்கிட்டு வா. வெளக்கைக்கூட மங்கலா வச்சுக்கோ. ஜனம், "இதுக்குத்தானா இத்தனை வசூல்"னு முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். அதுதான் வேணும். சாவடி முக்குத் திரும்புனதும் தவுல்காரன் ஒரு தட்டு தட்டணும், வெளக்கு ஏறணும், செறகு ரெண்டும் மெதுவா, மெதுவாடே, விரியணும். வேகமா அடிச்சா கோழி. எவ்வளவுக்கு மெதுவோ அவ்வளவுக்குப் பெருசாத் தெரியும். கருடன் வட்டமடிக்கிறப்ப பாரு, பத்து எண்ணுறதுக்குள்ள ஒரு தரம்கூட செறகடிக்காது. விரிச்சிட்டு அசையாம நில்லு. முகவூர்க்காரன் வந்திருந்தா அந்த நேரம் அவன் மூஞ்சியைப் பாத்துக்கோங்க, அதுக்கு மேல என்ன கேப்பே?

தலைக்கு ஒருத்தன், உடம்பு தூக்க ஒருத்தன், செறகுக்கு ரெண்டு பேரு. எளைப்பாற ஆளுக்கொரு கவட்டைக் கம்பு கையில இருக்கணும், மாத்து ஆளு நாலு பேரு பக்கத்துல நடக்கணும். தூக்குற அன்னைக்குக் குடிச்சிட்டு வாரவனுக்கு வாழைப்பழம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிரு.

எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடிப் பையன் நோட்டுல எழுதுனான். மூத்தவன் எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கேட்டான்: "தாத்தா, வாலுக்கு ஆளு வேணுமே?"

வாலை நான் பிடிச்சுக்கிடுதேன்னேன். தலை போற எடத்துக்கு வாலு போகும், பொறுப்பில்லாத உத்தியோகம், வயசானவனுக்கு ஏத்தது. அது போக, பொங்கலுக்கு மொத நாள் ராத்திரி பறவையோட பக்கத்துல கட்டிலைப் போட்டு நானே படுத்துக்கிடுதேன். மைதாப் பசைன்னா ஆட்டுக்கு அகத்தியை விடப் பிரியம். சினிமா போஸ்டரையே விட்டு வைக்காது. அதுவும் மயில்துத்தம் போட்ட பசையைத் தின்னு ஒரு ஆடு செத்துச்சுன்னு வையி, ஆட்டுக்காரி நம்ம நாலு தலைமுறையையும் இழுத்துப் பேசுவா.